பாட்டு யாருடைய சொத்து?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் சுற்றுவட்டக் கிராமத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பாட்டைப் பற்றிப் பேச்சு என்றவுடன் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாய் இருந்திருக்கலாம். "ஜாதி ஒழிய வேண்டும், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேசுகிறவர்களுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகத்தின் நயத்தையும் தாளத்தின் கணக்கையும் விளக்க நான் இங்கு வரவில்லை. அதற்கு வித்வான்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பாட்டின் இனிமையைப் பற்றியல்ல, பாட்டின் மீதுள்ள உரிமையைப் பற்றியேயாகும். யார் பாடலாம்? எங்கே பாடலாம்? எந்த மொழியில் பாடலாம்? பாடுகிறவன் தோளில் துண்டு போட்டுக் கொள்ளலாமா? பெண் பிள்ளை சபையில் உட்கார்ந்து பாடலாமா? இந்தக் கேள்விகள் எல்லாம் நம் நாட்டில் எழுந்தவை; இவற்றுக்காக அடிதடி நடந்திருக்கிறது; கோர்ட்டு வரை போயிருக்கிறது. ஆகவே இது சுயமரியாதைக்காரன் பேச வேண்டிய விஷயமேயன்றி வேறல்ல.

முதலில் நம் நாட்டை விட்டுக் கொஞ்ச தூரம் போய் வருவோம். அடுத்த வீட்டைப் பார்த்தால்தான் நம் வீட்டுக் குப்பை நமக்குத் தெரியும்.

மூன்று குரல்

கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைச்சாரலில், ஜார்ஜியா என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. ஜனத்தொகை அரைக்கோடி கூட இல்லை. ஆனால் அவர்களுக்குத் தனி மொழி உண்டு, தனி எழுத்து உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு தனிப் பாட்டு முறை உண்டு. நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பாடினால் பத்துப் பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். ஒருவன் மாற்றிப் பாடினால் "அபஸ்வரம்" என்று அதட்டுவோம். ஜார்ஜியாவிலோ ஒரே பாட்டை மூன்று குரலாகப் பிரித்துப் பாடுகிறார்கள். மேற்குரல் ஒரு வழியில் போகும். நடுக்குரல் வேறு வழியில் போகும். அடிக்குரல் இன்னொரு வழியில் தாங்கி நிற்கும். மூன்றும் வெவ்வேறு, ஆனால் பாட்டு ஒன்று.

இடத்துக்கு இடம் இது மாறும். கிழக்கே காகேதிப் பகுதியில் பலர் சேர்ந்து அடிக்குரலை நீளமாக இழுத்துப் பிடித்திருக்க, அதன்மேல் இரண்டு பேர் தனித்தனியே பாடுவார்கள். மேற்கே கூரியாப் பகுதியில் மூன்று குரல்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அதில் ஒருவன் தொண்டையை உடைத்து உடைத்து உச்சியில் கூவுவது ஒரு தனி வித்தை. மலையுச்சியில் இருக்கும் ஸ்வானேதிப் பகுதியில் மூவரும் ஒன்றாய் அடியெடுத்து வைத்து நடப்பதுபோலப் பாடுவார்கள். வயலிலும் பாடுவார்கள், விருந்திலும் பாடுவார்கள், சாவிலும் பாடுவார்கள்.

நெசவாளத் தோழர்களே! உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நீங்கள் கோர்வைச் சேலை நெய்கிறீர்களே, அதில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கத்துக் கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடல் ஒரு வண்ணம், கரை வேறு வண்ணம். ஒரே ஆளால் அதை ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இருவர் கையும் ஒத்துப் போனால்தான் உடலும் கரையும் கோர்த்துக் கொள்ளும். அந்தக் கோர்வைதான் காஞ்சிபுரப் பட்டின் பெருமை. உடலின் வண்ணத்தைக் கரையிலும், கரையின் வண்ணத்தை உடலிலும் அடித்துத் திணித்தால் அது கோர்வையாகுமா? ஜார்ஜியக்காரன் பாட்டும் அப்படித்தான். வேற்றுமை இருக்கிறது, ஆனால் உயர்வு தாழ்வு இல்லை. அடிக்குரல் பாடுகிறவனை "நீ அடிக்குரல்காரன், ஆகையால் வாசலில் நில்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அவன் நிறுத்திவிட்டால் பாட்டே விழுந்துவிடும்.

இந்தப் பாட்டுக்கு ஒரு காலத்தில் ஆபத்து வந்தது. 1801-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி ஜார்ஜியாவைத் தன் ராஜ்யத்தோடு சேர்த்துக் கொண்டான். 1811-ல் ஜார்ஜியாவின் திருச்சபைக்கு இருந்த தனி அதிகாரத்தையும் ரத்து செய்து ரஷ்யச் சபைக்குக் கீழ் வைத்தார்கள். மாதாகோவிலில் வேற்று மொழியும் வேற்றுப் பாட்டும் புகுந்தன. வாய்வழியாகவே வந்த பாட்டுகள், பாடத் தெரிந்த கிழவர்கள் சாகச் சாக அவர்களோடு சாகத் தொடங்கின. அப்போது அந்நாட்டார் என்ன செய்தார்கள்? "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று உட்கார்ந்திருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குழுக்கள் அமைத்துக் கிழவர்களைத் தேடிப் போய்ப் பாடச் சொல்லிச் சுரம் போட்டு எழுதினார்கள். இத்தாலி வரை போய் மேடையேறிப் பாடிப் பேர் வாங்கிய ஃபிலிமோன் கோரிட்சே என்பவர் ஊர் திரும்பி இந்த வேலையில் இறங்கினார். ஆயிரக்கணக்கான பாட்டுகள் ஏட்டில் ஏறின. பின்னால் சோவியத் ஆட்சியில் மடங்கள் மூடப்பட்ட காலத்தில், எக்வ்திமே கெரெசெலிட்சே என்ற ஒரு துறவி அந்த ஏடுகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

நமக்கு மடத்திலும் துறவியிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு மக்களுடைய பாட்டை ஓர் ஆட்சியின் அதிகாரத்தைக் கொண்டு அழிப்பது பகுத்தறிவாகாது. ஒரு பாட்டின் கருத்துப் பிடிக்காவிட்டால் அதை வாதத்தால் எதிர்க்க வேண்டும். பாடுகிறவன் வாயைக் கட்டக் கூடாது. அந்த ஏடுகள் பிழைத்ததால்தான், 1991-ல் ஜார்ஜியா விடுதலை பெற்ற பிறகு இளைஞர்கள் அவற்றைப் பார்த்து மறுபடி பாட முடிந்தது. 1977-ல் அமெரிக்கர்கள் வாயேஜர் என்ற விண்கலங்களில் பூமியின் ஓசைகளைத் தட்டில் பதித்து வானவெளிக்கு அனுப்பினார்களே, அதில் சாக்ருலோ என்ற ஜார்ஜியப் பாட்டும் போயிருக்கிறது. 2001-ல் அய்க்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பாட்டு முறையை மனித குலத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்று என்று அறிவித்தது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் பாடுவதே பழைய வழக்கமாயிருந்தது. விருந்து மேஜையில் ஆண் பிள்ளைகளின் ஆதிக்கமே அதிகம். குறை இல்லாத நாடு எது? நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது ஒன்றுதான். வேறு வேறு குரல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே பாட்டாக முடியும் என்பதே அது.

ஒரே பாட்டு, இரண்டு கட்சி

இப்போது காஞ்சிக்குத் திரும்பி வருவோம். ஜார்ஜியாவில் வேறு வேறாகப் பாடி ஒன்றாக இருக்கிறார்கள் என்றேன். நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் விரோதமானது. சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோவிலில் பாடப்படுவது ஒரே பிரபந்தம், ஒரே தமிழ், ஒரே ஆழ்வார்கள். ஆனால் பாடுகிறவர்களோ வடகலை, தென்கலை என்று இரண்டு கட்சி! பாட்டைத் தொடங்குமுன் மணவாள மாமுனிகளைப் புகழும் சுலோகத்தைச் சொல்வதா, வேதாந்த தேசிகரைப் புகழும் சுலோகத்தைச் சொல்வதா என்பதில் சண்டை. கோஷ்டியில் பிரபந்தம் சொல்லும் மிராசு எங்களுக்கே என்கிறார்கள் தென்கலையார். எங்களுக்கும் உண்டு என்கிறார்கள் வடகலையார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாக வழக்கு மேல் வழக்கு! 2022-ல் கூடச் சென்னை அய்கோர்ட்டு இதில் தலையிட்டு, முன் வரிசையில் எவர் உட்காருவது, பின் வரிசையில் எவர் உட்காருவது என்று வரிசை பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. சாமி புறப்பாட்டின்போது இரு கட்சியாரும் கைகலந்து கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர் என்று இவர்களே சொல்லும் கடவுள், தமக்கு முன்னால் நடக்கும் இந்தச் சண்டைக்கு ஒரு வழி சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் மனித ஜட்ஜுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது முதல் வேடிக்கை.

இரண்டாவது வேடிக்கை இன்னும் பெரியது. சண்டை எவருக்குள் நடக்கிறது? பாட உரிமை கொண்டாடும் இரண்டு கூட்டத்தாருக்குள் நடக்கிறது. இந்த ஊரில் பட்டு நெய்து அந்தச் சாமிக்கு உடுத்தக் கொடுத்தவன் அந்த வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. தேரை வடம் பிடித்து இழுத்தவன் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. கோவில் நிலத்தை உழுதவன் பெயரே அந்தத் தஸ்தாவேஜில் இல்லை. கோவிலுக்கு உழைத்த பெருங்கூட்டத்துக்கு அந்தப் பாட்டில் எந்தக் குரலும் இல்லை. மேற்குரலும் இல்லை, அடிக்குரலும் இல்லை. கேட்கும் காது மட்டும்தான் நமக்குச் சொந்தம், அதுவும் தூரத்திலிருந்து!

மூன்றாவது வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் யார் என்பது. வைணவர்கள் சொல்லும் கதைப்படியே பார்ப்போம். நம்மாழ்வார் வேளாளர் என்கிறார்கள். திருப்பாணாழ்வார் பாணர் குலம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் என்கிறார்கள். திருமழிசையாழ்வார் தாழ்ந்த குடியில் வளர்க்கப்பட்டவர் என்கிறார்கள். அவருடைய சீடன் கணிகண்ணன் தன்னைப் பாடச் சொன்ன ராஜாவைப் பாட மறுத்ததால் காஞ்சியை விட்டுத் துரத்தப்பட்டான் என்றும், அவனோடு ஆழ்வாரும் அவர் பின்னால் பெருமாளும் பாயைச் சுருட்டிக் கொண்டு புறப்பட்டு விட்டார்கள் என்றும் திருவெஃகாக் கோவிலுக்குக் கதை சொல்கிறார்கள். பெருமாள் பாயைச் சுருட்டியதை நாம் நம்பவில்லை. ஆனால் "உத்தரவு போட்டால் பாடமாட்டேன்" என்று ஒரு பாட்டுக்காரன் ராஜாவிடம் சொன்னான் என்பது நல்ல கதை. சுயமரியாதையுள்ள கதை. அப்படிப்பட்டவர்கள் பாடிய பாட்டுக்கு இன்று மிராசு என்ன, வாரிசு என்ன, முன் வரிசை என்ன, பின் வரிசை என்ன? பாட்டு பாடியவன் ஒருவன். பட்டா வாங்கியவன் வேறொருவன்!

சைவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? சிதம்பரத்தில் ஆறுமுகசாமி என்ற ஒரு சிவனடியார், சிற்றம்பல மேடை ஏறித் தேவாரம் பாட வேண்டும் என்று கேட்டார். தமிழ்ப் பாட்டு, தமிழ்நாட்டுக் கோவில், பாட வந்தவர் பக்தர். நம்மைப் போன்ற நாத்திகர் கூட அல்ல! அவரைத் தீட்சிதர்கள் பாட விடவில்லை. வருஷக்கணக்காகப் போராடிச் சர்க்கார் உத்தரவு பிறந்து, 2008 மார்ச் 2-ந் தேதி போலீஸ் காவலோடுதான் அவர் பாட முடிந்தது. தஞ்சைப் பெரிய கோவிலில் தேவாரம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் கூலி கொடுத்துக் கூப்பிட்டுப் பாடச் சொன்ன பாட்டை, ஆயிரம் வருஷத்துக்குப் பின் போலீஸை வைத்துப் பாட வேண்டியதாயிற்று என்றால், இதற்குப் பெயர் முன்னேற்றமா?

"நீங்கள்தான் கோவிலுக்கே போகாதவர்களாயிற்றே, உங்களுக்கு ஏன் இந்தக் கவலை?" என்று கேட்பார்கள். கோவிலுக்குப் போகாதது என் இஷ்டம். போகக் கூடாது, பாடக் கூடாது என்று இன்னொருவன் என்னைத் தடுத்தால் அது என் இழிவு. இஷ்டம் வேறு, இழிவு வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தவன்தான் சுயமரியாதைக்காரன்.

காஞ்சியின் வித்வான்கள்

இந்த ஊர் பட்டுக்கு மட்டும் பேர் போனதல்ல, பாட்டுக்கும் பேர் போனது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று பெரிய பாடகி ஒருவர் இங்கே இருந்தார். அவர் குடும்பத்தில் வந்தவர்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் இறந்தவர். தாளக் கணக்கில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று வித்வான்களே சொல்வார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே பக்கத்தில் வைத்துக் கொண்டு அஞ்சாமல் பாடுவார். இந்த ஊரில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்துக்கு நாட்டிலுள்ள பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து போனார்கள்.

ஆனால் அந்தக் குலத்தாரைச் சமூகம் எப்படி நடத்திற்று? இசையை வயிற்றில் கட்டிச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பொட்டுக் கட்டிக் கோவிலுக்கு விட்டு, பகலில் "தேவரடியாள்" என்று மரியாதையாகவும் பின்னால் வேறு பெயராலும் அழைத்தது இந்தச் சமூகம். பாட்டு வேண்டும், பாடுகிறவளுக்கு மானம் வேண்டாம். இதுதான் நம் கலாசாரம் என்று பெருமை பேசியவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நம் இயக்கமும் போராடி, 1947-ல்தான் அதை அடியோடு ஒழிக்கும் சட்டம் சென்னையில் வந்தது. "சட்டம் வந்தால் கலை அழியும்" என்று அன்று அழுதார்கள். அழிந்ததா? பொட்டுத்தான் அழிந்தது, பாட்டு இருக்கிறது.

ஆண்களின் கதி என்ன? நாதசுரக்காரர் சட்டை போடக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் நடந்த ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து என்ற நாதசுர வித்வான் வியர்வைக்குத் தோளில் துண்டு போட்டிருந்தார். "எடு துண்டை" என்றார்கள் சில பணக்காரர்கள். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, "எடுக்காதே, வாசி" என்றார். வெறும் ஒரு முழத் துண்டுக்காக ஊர்வலமே நின்றுபோன சம்பவம் நம் இயக்க வரலாற்றில் இருக்கிறது. கவனியுங்கள், அந்தத் துண்டை எடுக்கச் சொன்னவர் பார்ப்பனர் அல்லர். பார்ப்பனியம் பூணூலில் மட்டும் இருப்பதில்லை. நம்மவர் தலையிலும் குடியிருக்கிறது.

பார்ப்பன வீட்டுப் பெண்ணுக்காவது விடுதலை இருந்ததா? அதுவும் இல்லை. இதே காஞ்சிபுரத்தில் வளர்ந்த டி.கே. பட்டம்மாள் 1919-ல் பிறந்தவர். அவர் தாயார் நன்றாகப் பாடக் கூடியவராயிருந்தும் சபையில் பாட அனுமதியில்லாமலே காலம் தள்ளினார். மகள் சிறு வயதில் நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்து, "குடும்பப் பெண் கச்சேரி செய்யலாமா" என்ற கூக்குரலைத் தாண்டி மேடையேறினார். பெண்கள் பாடக் கூடாது என்று வைத்திருந்த ராகம் தானம் பல்லவியையும் பாடிக் காட்டினார். ஆகவே ஜாதி முறை என்பது கீழே இருப்பவன் வாயை மட்டும் கட்டவில்லை. மேலே இருப்பதாய்ச் சொல்லிக் கொள்பவனின் வீட்டுப் பெண்ணின் வாயையும் சேர்த்தே கட்டிற்று.

தமிழ் இசை

இனி மொழி விஷயம். தமிழ்நாட்டுச் சங்கீத சபையில், தமிழன் பணம் கொடுத்து, தமிழன் உட்கார்ந்து கேட்டு, தமிழன் பாடும் பாட்டு ஏன் தமிழில் இல்லை என்ற கேள்வி எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வைத்துத் தமிழ்ப் பாட்டுக்கு ஆதரவு தந்தார். 1941-ல் அங்கே தமிழ் இசை மாநாடு கூடிற்று. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பே, 1917-ல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ வைத்தியர் "கருணாமிர்த சாகரம்" என்ற பெரு நூலை எழுதித் தமிழர் இசையின் பழமையைக் காட்டியிருந்தார். 1947-ல் ஈழத்து விபுலாநந்தர் "யாழ் நூல்" எழுதினார். ஈரோட்டிலிருந்து "குடி அரசு"ம், இதே காஞ்சியிலிருந்து 1942-ல் அறிஞர் அண்ணா தொடங்கிய "திராவிட நாடு"ம் தமிழ் இசைக்குத் துணை நின்றன.

எதிர்த்தவர்கள் சொன்ன வாதம் என்ன? "சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது" என்றார்கள். நல்லது. பாஷை கிடையாது என்றால் தமிழில் பாடினால் என்ன நஷ்டம்? எந்தப் பாஷையானாலும் ஒன்றுதான் என்கிறவன், தமிழ் என்றவுடன் மட்டும் ஏன் துள்ளிக் குதிக்கிறான்? 1946-ல் திருவையாற்றில் தியாகராஜர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்குப் பெரிய ரகளை கிளம்பிற்று. அதைக் கண்டித்து இளைஞராயிருந்த மு. கருணாநிதி "குடி அரசு" ஏட்டில் "தீட்டாயிடுத்து" என்று தலைப்பிட்டு எழுதினார். பாஷையே இல்லாத சங்கீதத்துக்குத் தீட்டு மட்டும் எப்படி வந்தது?

தெலுங்கின் மீது நமக்குத் துவேஷம் இல்லை. தெலுங்கும் நம் குடும்பத்து மொழிதான். தெலுங்கன் தெலுங்கில் பாடட்டும், நாமும் கேட்போம். ஜார்ஜியக்காரன் ரஷ்யப் பாட்டைக் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லை. தன் வீட்டில் தன் பாட்டுக்கு இடமில்லை என்பதைத்தான் பொறுக்க மாட்டேன் என்றான். நாம் கேட்பதும் அவ்வளவே.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தமிழில் இருந்துவிட்டால் மட்டும் பாட்டு நல்லதாகிவிடாது. வள்ளியைக் களவாடியதையும், சமணரைக் கழுவேற்றியதையும் நல்ல தமிழில் நல்ல பண்ணில் பாடினால் அது அறிவை வளர்க்குமா? தமிழ் இசை வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த நாளிலேயே பெரியார் இதைத்தான் கேட்டார். மொழியும் வேண்டும், மொழிக்குள் மனிதனுக்குத் தேவையான கருத்தும் வேண்டும் என்றார். பழைய பாட்டைப் பழைய சரித்திரமாகப் படித்துக் காப்போம். புதிய பாட்டைப் புதிய அறிவோடு எழுதுவோம். இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

பறை

கடைசியாக நம் முதுகை நாமே பார்த்துக் கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "தமிழன் பண்பாடு, தமிழன் பண்பாடு" என்று மேடையில் முழங்குகிறோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது யாழோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. நிலத்துக்கொரு பறை இருந்தது. அப்படியானால் தமிழனுடைய பழைய வாத்தியம் எது? பறைதானே! அதை அடிக்கிறவனை எங்கே வைத்தோம்? ஊருக்கு வெளியே வைத்தோம். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டோம். திண்ணையில் உட்கார வைக்கவில்லை. மாடு செத்தாலும் மனிதன் செத்தாலும் "வந்து அடி" என்று உத்தரவு போட்டோம். கூலியைக் கையில் கொடுக்காமல் தூரத்தில் போட்டோம். இதைச் செய்தவர்கள் எல்லாம் பார்ப்பனர்களா? முதலியார், செட்டியார், நாயக்கர், கவுண்டர், வன்னியர், தேவர் என்று நம் பெயர்கள் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே எத்தனையோ கிராமங்களில் ஆதித்திராவிடத் தோழர்கள் "இனிப் பறை அடிக்கமாட்டோம்" என்று பறையைக் கீழே போட்டார்கள். அது சரியான காரியம். இப்போது நகரங்களில் படித்த இளைஞர்களும் பெண்களும் அதே பறையைத் தாங்களே விரும்பிக் கையில் எடுத்து மேடையில் அடிக்கிறார்கள். அதுவும் சரியான காரியம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லையா என்று கேட்கலாம். இல்லை. அடிக்கமாட்டேன் என்பதும் அவன் உரிமை; அடிப்பேன் என்பதும் அவன் உரிமை. "நீ இன்ன ஜாதியில் பிறந்தாய், ஆகையால் அடி" என்று மற்றவன் சொல்வது மட்டும்தான் அயோக்கியத்தனம். மேடையில் பறையைக் கேட்டுக் கை தட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சாவுக்கு ஆள் அனுப்புகிறவன் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச யோக்கியதை இல்லாதவன்.

1925-ல் இந்தக் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், எல்லா வகுப்பாருக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற பெரியாரின் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் கேட்டது என்ன? சுருங்கச் சொன்னால், "ஒரு குரல் மட்டும் பாடினால் அது தேசத்தின் பாட்டு ஆகாது, எல்லாக் குரலும் சேர வேண்டும்" என்பதுதான். அரசியலில் அன்று கேட்டதையே இசையில் இன்று கேட்கிறோம்.

ஒரு மக்களின் அடையாளம் என்பது பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பழைய சரிகைச் சேலையல்ல, வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பூட்டி வைக்க. அது தறியில் இருக்கும் பாவு. தினந்தோறும் நெய்தால்தான் துணி. நாதசுரம் இசை வேளாளருக்கு, பறை சேரிக்கு, பிரபந்தம் கோஷ்டிக்கு, தேவாரம் ஓதுவாருக்கு, கச்சேரி சபைக்கு என்று இழை இழையாகப் பிரித்து வைத்திருந்தால் அது நூல் கண்டேயன்றித் துணியாகாது. ஷேக் சின்ன மௌலானா என்ற முஸ்லிம் நாதசுரம் வாசித்தார். நாதசுரம் கெட்டுப் போயிற்றா? 2021-ல் மாடம்பாக்கம் கோவிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். தேவாரம் தேய்ந்து போயிற்றா?

நான் உங்களைக் கேட்டுக் கொள்வது நாலைந்து காரியங்கள்தான். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வாசிக்க வருகிறவர்களுக்கு, எந்த வாத்தியமானாலும், நாற்காலி போடுங்கள். எல்லோரோடும் சமமாய் இலை போடுங்கள். பேசிய கூலியைக் கையில் கொடுங்கள். ஜாதியைச் சொல்லி எவரையும் சாவுக்கு அடிக்கக் கூப்பிடாதீர்கள். முன்பெல்லாம் கரை நாடா தள்ளப் பையன்களை உட்கார வைத்தோமே, அந்தக் கொடுமை எந்த வடிவிலும் திரும்பி வர இடம் கொடாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். அங்கே அவர்களுக்குப் பாட்டும் வாத்தியமும் ஜாதி பார்க்காமல் கற்றுத் தர வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரிந்த தாலாட்டையும், நடவுப் பாட்டையும், ஒப்பாரியையும், தறிக்குழியிலிருந்து முணுமுணுக்கும் பாட்டையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள், பதிந்து வையுங்கள். ஜார்ஜியக்காரன் கிழவனைத் தேடி மலையேறினான். நமக்கு மலையேற வேண்டியதில்லை, அடுப்பங்கரைக்குப் போனால் போதும். பெண்கள் பாட வந்தால் "வீட்டுக்கு ஆகுமா" என்று கேட்காதீர்கள்.

தோழர்களே! நான் சொன்னதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். கோவில் வாசலில் நின்று பாருங்கள், சாவு வீட்டில் நின்று பாருங்கள், சபையில் உட்கார்ந்து பாருங்கள். யார் பாடுகிறார்கள், யார் பாட அனுமதிக்கப்படவில்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள். தப்பு என்று பட்டதைத் தள்ளிவிடுங்கள்.